களிமண்ணுக்குச் சிரிக்கத் தெரியுமா?

கேள்வி: களிமண் பொம்மைகள் செய்து பழகுகிறேன். அன்றாட வாழ்க்கையை நகைச்சுவையோடு காட்ட ஆசை. ஆனால் எதைச் செய்தாலும் கொலுவில் வைக்கும் செட்டியார் பொம்மை போலவே வந்துவிடுகிறதே?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: செட்டியார் பொம்மையை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிடாதீர்கள். தொந்தி சரியச் சம்மணமிட்டு, அரிசியையும் பருப்பையும் முன்னால் பரப்பி வைத்திருக்கும் அவரை முதலில் வனைந்தவர், ஏதோ ஒரு மளிகைக் கடை வாசலில் நின்று கண்ணாரப் பார்த்தவராகத்தான் இருந்திருப்பார். நீங்கள் பொம்மையைப் பார்த்துச் செய்கிறீர்கள், சிக்கல் அங்கேதான்.

கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நெடுங்காலம் கற்பித்த களிமண் சிற்பி ராபர்ட் ஆர்னெசன் (1930–1992), 1961இல் மாநிலப் பொருட்காட்சி ஒன்றில் சக்கரத்தில் வனைந்து காட்டியபோது, ஒரு குப்பியைச் செய்து, அதன் வாயை மண்ணாலேயே அடைத்து, ‘முன்பணம் இல்லை, திருப்பி எடுப்பதும் இல்லை’ என்று, காலி பாட்டிலைக் கடை திரும்ப வாங்காது எனச் சொல்லும் குளிர்பான பாட்டில் வாசகத்தை அதில் பொறித்தார். 1966இல் அவர் செய்த தட்டச்சுப்பொறியில் எழுத்து விசைகள் இருக்க வேண்டிய இடத்தில், சிவப்புச் சாயம் பூசிய நகங்களோடு விரல்நுனிகள் முளைத்திருக்கும். பொறிக்கு அவர் கண்ணும் வாயும் வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மற்றதெல்லாம் தட்டச்சுப்பொறியாகவே இருக்க, ஓர் இடம் மட்டும் தடம் மாறியிருக்கிறது.

உங்கள் வீட்டு வாசலில் குதிகால் தேய்ந்து, அறுந்த வாரில் ஊக்கு மாட்டிய ரப்பர் செருப்பு கிடக்கிறதா? அதை வைத்துத் தொடங்குங்கள். தேய்மானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதுவரை பார்த்துச் செய்தால், அது யாருடைய செருப்பென்று வீட்டார் சொல்லிவிடுவார்கள். ஊக்கைச் சற்றுப் பருமனாகச் செய்யுங்கள். மெல்லிய கம்பியாக இழுத்தால் காயும்போதே முறியும். உருவம் பெரிதானால் உள்ளே குடைந்து, சுவரை ஒரு விரல் கனத்துக்குள் நிறுத்தி, அடியில் துளையிட்டு, நிதானமாகக் காயவிடுங்கள். ஈரம் தங்கிய கனத்த மண், சூளையில் நீராவி வெளியேற வழியின்றி வெடிக்கும். அதில் நகைச்சுவை எதுவும் இல்லை.

கேள்வி: மறைந்தவர்களின் உருவத்தில் நகைச்சுவையைச் சேர்க்கலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: சேர்க்கலாம், விலையும் கொடுக்க நேரலாம். 1978இல் சுட்டுக் கொல்லப்பட்ட சான் பிரான்சிஸ்கோ மேயர் ஜார்ஜ் மாஸ்கோனியின் மார்பளவுச் சிலையை, நகரத்தின் வேண்டுகோளுக்கிணங்க 1981இல் இதே ஆர்னெசன் செய்தார். முகம் வாய்விட்டுச் சிரித்தது. பீடத்திலோ, சுவரில் கிறுக்கியவை போன்ற வாசகங்களுக்கு நடுவே குண்டு துளைத்த தடங்களும் இருந்தன. பீடத்தை மாற்றச் சொன்னார்கள், அவர் மறுத்தார், சிலை திரும்பி வந்தது. 2012இல் அதே நகரத்தின் நவீனக் கலை அருங்காட்சியகம் அதை வாங்கியது, பீடத்தோடு சேர்த்தே.