காலில் செல்லுலைட்டிஸ்: மாத்திரை எத்தனை நாள்? – கேள்வி பதில்

புதுச்சேரியில் தோல் மருத்துவராக இருக்கிறேன். தோல் சிவந்து, சூடாகி, வீங்கும் கிருமித் தொற்றான செல்லுலைட்டிஸ் பற்றி இன்று கேட்கலாம்.

நெல்லிக்குப்பம்: டாக்டரம்மா, அப்பாவுக்கு 5 நாள் மாத்திரைதான் எழுதினார்கள். போதுமா?

சிவப்பும் வீக்கமும் குறைந்துகொண்டே வந்தால் போதும். 2004-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், லெவோஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கை 5 நாள் சாப்பிட்டுத் தேறத் தொடங்கிய 87 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு இன்னும் 5 நாள் அதே மருந்து, மறு பாதிக்கு மருந்தில்லாத மாத்திரை. இரு பக்கமும் 98 சதவீதம் குணம். தேறாதவர்களை இதில் சேர்க்கவில்லை என்பதை மறக்காதீர்கள். சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போடுங்கள். முதல் நாள் சற்றுத் தாண்டலாம். இரண்டு நாள் கழித்தும் தாண்டினால் டாக்டரிடம் போங்கள். தோல் கறுத்தாலோ வலி தாங்க முடியாமல் போனாலோ உடனே அவசரப் பிரிவு.

பண்ருட்டி: மிச்ச மாத்திரையை அடுத்த தடவைக்கு வைக்கலாமா?

கூடாது.

முதலியார்பேட்டை: கோர்ஸை முடிக்காவிட்டால் கிருமிக்கு எதிர்ப்பு வரும் என்றுதானே இத்தனை வருஷமாகச் சொன்னீர்கள்?

சொன்னோம். காசநோய்க்கு அது இன்றும் சரி, அங்கே மாதக்கணக்கில் சாப்பிட்டே ஆக வேண்டும். ஆனால் சாதாரணத் தோல் தொற்றில், மருந்து நீள நீள நம் குடலிலும் தோலிலும் சும்மா இருக்கும் கிருமிகள்தான் எதிர்ப்பைக் கற்கின்றன. அதற்காக நீங்களே நிறுத்தாதீர்கள், நாளைக் குறைப்பது டாக்டர் வேலை.

முதலியார்பேட்டை (மறுபடியும்): நெதர்லாந்தில் 6 நாள் கொடுத்தவர்களுக்குத் திரும்ப வந்ததாமே?

நல்ல கேள்வி. 2020-ல் வந்த ஆய்வு அது. மருத்துவமனையில் சேரும் அளவுக்குக் கடுமையானவர்கள், 6 நாளா 12 நாளா என்று பார்த்தார்கள். 28ஆம் நாளில் குணமானவர்கள் ஏறக்குறைய சமம். 90 நாளுக்குள் திரும்ப வந்தது 6 நாள் குழுவில் 24 சதவீதம், 12 நாள் குழுவில் 6 சதவீதம். அதனால் கடுமையான நோய்க்குக் குறைந்த நாளை நான் கண்ணை மூடிக்கொண்டு எழுதமாட்டேன்.

கடலூர் முதுநகர்: மீன் முள் குத்திக் கை வீங்கிவிட்டது.

இன்றே போங்கள். கடல் தண்ணீர் பட்ட புண் என்று சொல்லுங்கள், மருந்தே வேறு.

பாகூர்: யானைக்கால் உள்ள பாட்டிக்கு அடிக்கடி காய்ச்சலோடு சிவக்கிறது.

அந்த ஆய்வுகளை இவருக்குப் பொருத்தாதீர்கள். தினமும் சோப்பால் கழுவி, விரலிடுக்கை ஒற்றித் துடைத்துக் காய விடுங்கள். சேற்றுப்புண் வழியாகத்தான் கிருமி நுழைகிறது. கடையில் தரும் கலப்பு ஆயின்மென்ட் வேண்டாம், அதில் ஸ்டீராய்டு இருக்கும்.

குறிஞ்சிப்பாடி: 5 நாள் போதுமா?

மேலே சொல்லிவிட்டேன். கோடு போட்டீர்களா?

பரங்கிப்பேட்டை: சீழ்க்கட்டிக்கும் 5 நாளா?

முதலில் கீறிச் சீழை எடுக்க வேண்டும். சர்க்கரையும் பார்த்துவிடுங்கள்.