தலையெழுத்தும் வினாத்தாளும்

கேள்வி: பீடி சுற்றித்தான் என் மகனைப் படிக்க வைக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் நன்றாகப் படித்தவன், பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் கணிதம் சேர்ந்து, முதல் பருவத்திலேயே இரண்டு தாள்களில் அரியர் வைத்துவிட்டான். கேட்டால், "என் தலையெழுத்து அவ்வளவுதான்" என்கிறான். இது சோம்பலா? திட்டினால் திருந்துவானா?
– ஒரு வாசகி, முக்கூடல்

பதில்: சோம்பல் என்று முடிவுகட்டிவிடாதீர்கள், அம்மா. தனக்கு நேர்வது தன் செயலால் நேர்கிறதா, விதியாலும் பிறராலும் நேர்கிறதா என்று ஒருவர் கொண்டிருக்கும் எண்ணத்தை அளப்பதற்காக, அமெரிக்க உளவியலாளர் ஜூலியன் ராட்டர் 1966-இல் 29 இணைக் கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டார். தன் கையிலும் கொஞ்சம் பிடி இருக்கிறது என்று நம்பும் கல்லூரி மாணவர்கள், சராசரியாகச் சற்றுக் கூடுதல் மதிப்பெண் பெறுவதைப் பின்வந்த ஆய்வுகள் பலவும் காட்டுகின்றன. 'சற்று' என்பதை அழுத்தியே சொல்கிறேன்; நல்ல மதிப்பெண் வந்த பிறகு அந்த நம்பிக்கை வளர்வதும் உண்டல்லவா?

திட்டுவதைப் பொறுத்தவரை, "நீ சோம்பேறி" என்பதும் இன்னொரு தலையெழுத்துதான். பிறவிக்குணம் என்று அவன் ஏற்றுக்கொண்டால் அதற்குமேல் செய்வதற்கு ஒன்றும் இராது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில், மதிப்பெண் குறைந்து கலங்கியிருந்த முதலாண்டு மாணவர் சிலரிடம், தொடக்கத்தில் சறுக்கியவர் பலர் பிறகு தேறிவிடுவதை மூத்த மாணவர்களின் வாயாலேயே கேட்கச் செய்தார்கள். 1982-இல் வெளியான அந்த ஆய்வில், அவ்வாறு கேட்டவர்களுள் படிப்பை விட்டவர்கள் கேளாதவர்களைவிடக் குறைவு. ஆய்வு சிறியது, ஆனாலும் உங்கள் ஊரிலிருந்து அதே பேருந்தில் போய்வரும் மூன்றாமாண்டுப் பிள்ளை ஒருவரை அவனோடு பேசவைக்கச் செலவொன்றும் இல்லை.

அடுத்து, தேர்வின் வினாத்தாளை எடுத்து, ஒவ்வொரு வினாவின் ஓரத்திலும் அவனையே பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள்: படிக்கவே இல்லையா, படித்தும் மறந்ததா, கணக்குத் தெரிந்தும் ஆங்கிலத்தில் எழுத வரவில்லையா? தமிழ்வழியில் வந்த பிள்ளைக்கு மூன்றாவது குறியே மிகுதியாக விழக்கூடும். அது அவன் குற்றமன்று. ஆயினும் நாளுக்கு ஒரு தேற்றமாக, அதன் நிறுவலைப் புத்தகத்தைப் பார்க்காமல் எழுதிப் பழகுவது அவன் கையில் இருக்கிறது. எழுதியதற்கு மதிப்பெண் குறைந்துவிட்டதென்று உறுதியாக நினைத்தால், மறுமதிப்பீட்டுக்கு இன்னும் நாள் இருக்கிறதா என்பதையும், அரியர் தாள்களுக்குக் கட்டணம் கட்டக் கடைசி நாள் எது என்பதையும் அவனே கல்லூரி அலுவலகத்தில் விசாரித்து வரட்டும். அவனுக்காக நீங்கள் போக வேண்டாம்.