கடிதத்தில் என்ன எழுதுவது?

கேள்வி: பி.காம். முடித்து, ஆடிட்டர் ஆபீஸில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். திருப்பூர் பனியன் ஏற்றுமதி கம்பெனிகளில் அக்கவுண்ட்ஸ் வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். பயோடேட்டாவோடு வைக்கும் கடிதம் எப்படி இருக்க வேண்டும்?
– வாசகி, தாராபுரம்

பதில்: நீங்கள் அனுப்பிய மாதிரிக் கடிதத்தைப் படித்தேன், அம்மா. ‘கடின உழைப்பாளி, நேர்மையானவள்’ என்று இருக்கிறது. ஆள் எடுக்கும் வேலையில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன், எல்லோரும் இதையேதான் எழுதுகிறார்கள். அதை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் இப்படி எழுதுங்கள்: ‘மாதாமாதம் ஜிஎஸ்டிஆர்-1, 3பி ரிட்டர்ன்களைத் தயார் செய்கிறேன். கொள்முதல் பில்களை 2பி-யோடு ஒத்துப்பார்த்து, விடுபட்டவற்றைச் சப்ளையரிடம் கேட்டு வாங்குகிறேன்.’ (2பி என்பது, சப்ளையர்கள் கணக்கில் காட்டிய பில்களை வைத்து ஜிஎஸ்டி தளம் தரும் பட்டியல்.) இப்படி எழுதினால் படிப்பவரை நிமிர வைக்கும். ஏற்றுமதியாளருக்கு உள்ளீட்டு வரி, அதாவது கொள்முதலின்போது கட்டிய ஜிஎஸ்டி, ரீஃபண்டாக வர வேண்டிய பணம்; பில் விடுபட்டால் அது முடங்கிவிடும். ரீஃபண்ட் விண்ணப்பத்தில் கை வைத்திருந்தால் அதையும் அவசியம் சேருங்கள். தெரியாததைத் தெரியும் என்று எழுத வேண்டாம், நேர்முகத்தில் முதல் கேள்வியே அதுவாக இருக்கலாம்.

எல்லாம் ஒரு பக்கத்துக்குள் அடங்கட்டும். ஒவ்வொரு கம்பெனிக்கும் பெயரை மாற்ற மறக்காதீர்கள். அப்புறம், எந்தத் தேதியில் சேர முடியும் என்பதையும் எழுதுங்கள்.