ஒரே பெயரில் இரண்டு இசைத்தட்டுகள்

அன்புள்ள ஐயா,

‘பிளேட் ரன்னர்’ படத்தின் இசையைப் பற்றிய உங்கள் குறிப்பை வாசித்துவிட்டுத் தேடிக் கேட்டேன். ஒரே படப்பெயரில் இரண்டு அல்பங்கள் கிடைத்தன. ஒன்றில் வாத்தியக்குழு, மற்றதில் சின்தசைசர். விமர்சனங்களும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. எனக்கோ கைபேசியில் எல்லாம் வெறும் இரைச்சலாகக் கேட்கிறது. இதில் மெட்டு எங்கே?

வாசகர், உவர்மலை, திருகோணமலை

அன்புள்ள நண்பருக்கு,

படம் 1982இல் வந்தது, இசை வாஞ்செலிஸ். அந்த ஆண்டு கடைக்கு வந்த தட்டில் இருப்பது அவர் வாசித்ததல்ல. நியூ அமெரிக்கன் ஓர்க்கெஸ்ட்ரா என்ற குழு அதே இசையைத் திருப்பி வாசித்தது. அவருடைய சொந்தப் பதிவு தனி அல்பமாக 1994இல்தான் வெளியானது. ஆக, இடைப்பட்ட 12 வருடமும் தட்டை வைத்து எழுதியவர்கள் நகலைப் பற்றித்தான் எழுதினார்கள். எந்த விமர்சனமானாலும் முதலில் அதன் ஆண்டைப் பாருங்கள்.

நகல் சோபிக்காததற்குக் குழுவைக் குறை சொல்லமாட்டேன். வாஞ்செலிஸின் முக்கியக் கருவி யமஹா சிஎஸ்-80 என்ற சின்தசைசர், மின்சாரத்தால் ஒலியை உருவாக்கும் கட்டைவாத்தியம். ஒரே நேரத்தில் 8 சுரம் பிடிக்கும். ஒவ்வொரு கட்டையும் விரலின் அழுத்தத்தைத் தனித்தனியே உணரும்; பிடித்த சுரங்களில் ஒன்றை மட்டும் அழுத்தினால் அது மட்டும் மலரும். மேலே ஒரு நாடா உண்டு, விரலை இழுத்தால் சுருதி வழுக்கும், நம் காதுக்கு ஜாரு. சூடேறினால் கருவியே சுருதி விலகும்; அந்த லேசான தள்ளாட்டமும் அழகில் சேர்த்தி. இதற்கெல்லாம் மேல் லெக்சிகன் 224 என்ற ரிவேர்ப் கருவி, பெரிய மண்டபத்தின் எதிரொலியைப் போல, அடித்து ஓய்ந்த சுரத்தையும் பல விநாடி இழுத்துச் செல்கிறது. சுரத்தைத் தாளில் எழுதிக் குழுவுக்குக் கொடுக்கலாம். அது நடுவழியில் எப்படிக் கனிகிறது என்பதை எழுத வழியில்லை.

மெட்டும் இருக்கிறது, டிக் மொரிசியின் சாக்ஸபோன் பகுதியைக் கேளுங்கள். மற்ற இடங்களில் அதைத் தேடுவது, நாதஸ்வரத்துக்குத் துணையாக ஒரே சுரத்தைப் பிடித்து ஒத்து ஊதுபவரிடம் ராகம் எங்கே என்று கேட்பது போல. ஒரு வித்தியாசம்: ஒத்து அசையாது, இது அசைகிறது. நீண்டு நிற்கும் சுரத்துக்குள் என்ன மாறுகிறது என்றுதான் விமர்சகர் கேட்கவேண்டும். ஒரு நிமிடமாக ஒன்றுமே மாறவில்லையென்றால் இசையமைப்பாளர் ரிவேர்ப்பை வைத்து ஒப்பேற்றுகிறார். இப்போதைய படங்களில் இது மலிந்துவிட்டது.

உங்கள் இரைச்சலுக்குக் காரணம் கைபேசி. அதன் ஸ்பீக்கர் சுமார் 200 ஹேர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. டபுள் பாஸ் என்ற பெரிய தந்திவாத்தியத்தின் அடித்தந்தியோ 41 ஹேர்ட்ஸ். அடி போனால் மிஞ்சுவது மேலோசைதான். காதை முழுக்க மூடும் ஹெட்போனில் கேளுங்கள். கச்சான் காற்றடிக்கும் நாளில் யன்னலைத் திறந்தாலும் இரைச்சல், பூட்டி ஃபேனைப் போட்டாலும் இரைச்சல். சுரங்களின் வால்கள் அதில்தான் முதலில் மறையும். இரண்டு அல்பங்களையும் ஒப்பிடும்போது சத்தத்தை ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். சற்றுக் கூடுதலாக ஒலிப்பதையே காது நல்லதென்று நம்பிவிடும்.

1994 தட்டிலும் குறை உண்டு. சில இடங்களில் இசைமேல் வசனத்தை ஏற்றியிருக்கிறார்கள், படத்தில் வரும் சில பகுதிகள் இல்லை. 2007இல் மூன்று தட்டுகளாக வந்த பதிப்பு அதில் கொஞ்சத்தை நிரப்பியது. நீங்கள் ‘மெமரீஸ் ஒஃப் கிரீன்’ என்ற துண்டில் தொடங்குங்கள். பியானோவின் சுருதி ஏன் அப்படி நெளிகிறது என்று கவனியுங்கள். படத்துக்காகவே பிறந்தது போலிருக்கும். ஆனால் அது 1980இலேயே அவருடைய வேறொரு அல்பத்தில் வந்துவிட்டது.