ஜிசிசி கம்பைலரில் கிராபிக்ஸ்.ஹெச் இல்லை: வட்டம், செவ்வகம் வரைய எதை எடுப்பது?

ரேலிப் (raylib) என்ற சி கிராபிக்ஸ் லைப்ரரியை எடுத்துக்கொள்ளுங்கள். கோடு, வட்டம், செவ்வகம் மூன்றுக்கும் நேரடி ஃபங்ஷன் இருக்கிறது. எஸ்டிஎல்2 என்ற இன்னொரு லைப்ரரியும் நல்லதுதான், ஆனால் அதன் அடிப்படைத் தொகுப்பில் வட்டம் வரைய ஃபங்ஷனே கிடையாது.

“கிராபிக்ஸ்.ஹெச் கிடைக்கவில்லை” என்ற பிழைக்கு உங்கள் நிரல் காரணமாக இருக்காது. அது டாஸ் காலத்தில் போர்லாண்ட் நிறுவனத்தின் டர்போ சி கம்பைலரோடு வந்த கோப்பு, ஜிசிசியோடு வராது. பாடத்திட்டங்கள்தான் இன்னும் அதை விடமாட்டேன் என்கின்றன!

முதலில் வெறும் ஜன்னல் திறக்கும் நிரலை மட்டும் ஓட்டிப் பாருங்கள். ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ என்ற பிழை வந்தால், கம்பைல் கட்டளையில் ரேலிப் இணைப்பு (-lraylib) உங்கள் சி கோப்பின் பெயருக்கு முன்னால் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால்தான் வர வேண்டும்.

அப்புறம், ரேலிப் வரையப் பயன்படுத்தும் கிராபிக்ஸ் இடைமுகமான ஓப்பன்ஜிஎல் 3.3 பழைய லேப்டாப்பில் இல்லாவிட்டால் ஜன்னல் திறக்காது. அப்போது ரேலிப்பையே ஓப்பன்ஜிஎல் 2.1-க்கு மாற்றிக் கம்பைல் செய்ய வேண்டியிருக்கும்.