ஒரு வருஷ நர்சிங் கோர்ஸுக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு வயது 27. மதுரை மாவட்டம், செக்கானூரணி பக்கம் கிராமம். ப்ளஸ் டூவில் பயாலஜி குரூப். அதோடு கல்யாணம் ஆகிவிட்டது. மகள் அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. மகனுக்கு ஒன்றரை வயது, இன்னும் பால் மறக்கவில்லை. வீட்டுக்காரர் டாடா ஏஸ் ஓட்டுகிறார். ராத்திரி இரண்டு மணிக்குப் பூ லோடு ஏற்றிக்கொண்டு மாட்டுத்தாவணிக்குப் போனால் காலை பத்து மணிக்குத்தான் வருவார். போன வருஷம் மாமனாருக்குப் பக்கவாதம் வந்து பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். நான்தான் கூட இருந்தேன். அங்கே இருந்த நர்ஸ் அக்காக்களைப் பார்த்ததிலிருந்து எனக்கும் அந்த வேலைக்குப் போக ஆசை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு இன்ஸ்டிட்யூட்டில் ஒரு வருஷ 'டிப்ளமோ நர்சிங்', 60,000 ரூபாய், எய்ம்ஸ் வருகிறது, வேலை நிச்சயம் என்கிறார்கள். 5,000 அட்வான்ஸ் கட்டி ஒரிஜினல் மார்க் ஷீட்டும் கொடுத்துவிட்டேன். மாமியார், "ஊரான் வீட்டு மலமூத்திரம் அள்ளுறதுக்கா உன்னையக் கட்டிக்கிட்டு வந்தோம்? புள்ளைகள யாரு பாக்குறது?" என்கிறார். எனக்கு வயசு போய்விட்டதா? பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவது தப்பா?

பதில்: தங்கச்சி, மீதி 55,000 ரூபாயைக் கட்டாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு பேசலாம்.

தமிழ்நாட்டில் நர்ஸ் என்றால் நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தவர். அந்தப் பதிவுக்கு வழிவிடும் அடிப்படைப் படிப்புகள் மூன்றுதான்: இரண்டு வருஷ ஏ.என்.எம். (துணைச் செவிலியர் படிப்பு), மூன்று வருஷ ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ), நான்கு வருஷ பி.எஸ்சி. நர்சிங். ஒரு வருஷப் படிப்புக்கு 'டிப்ளமோ நர்சிங்', 'நர்சிங் அசிஸ்டென்ட்', 'ஹெல்த் அசிஸ்டென்ட்' என்று எந்தப் பெயர் வைத்தாலும் கவுன்சில் கதவு திறக்காது. அப்படிப் படித்துவிட்டு நர்சிங் ஹோம்களில் வேலை பார்க்கும் பெண்களோடு நான் நிறையப் பழகியிருக்கிறேன். குழந்தைகளுக்கு ஊசி ஏற்ற வெயின் (ரத்தக் குழாய்) எடுப்பதில் பதிவு பெற்ற நர்ஸையே தோற்கடிக்கிற கை சிலருக்கு. ஆனால் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் எடுக்கும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பு வரும்போது அவர்களால் விண்ணப்பமே போட முடியாது. பத்து வருஷம் கழித்தும் 'சிஸ்டர்' என்று கூப்பிடுவார்கள், சம்பளம் மட்டும் ஆயாம்மா சம்பளத்துக்கு ஒரு படி மேலே நிற்கும்.

எய்ம்ஸ் கதைக்கு வருவோம். தோப்பூரில் 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். முதல் வருஷ மாணவர்களை ராமநாதபுரத்தில் உட்கார வைத்துத்தான் பாடம் நடத்தினார்கள். தோப்பூர் பக்கம் எய்ம்ஸ் பெயரைச் சொல்லி பிளாட் போட்டு விற்றவர்கள் ஒரு ரகம் என்றால், கோர்ஸ் போட்டு விற்பவர்கள் இன்னொரு ரகம். எய்ம்ஸில் நர்ஸ் வேலைக்கு நார்செட் என்று அகில இந்தியத் தேர்வு இருக்கிறது. பி.எஸ்சி. நர்சிங் படித்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஜி.என்.எம். முடித்து, 50 படுக்கையாவது உள்ள ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷ அனுபவம் வேண்டும். இரண்டுக்கும் கவுன்சில் பதிவு கட்டாயம், வயது வரம்பும் உண்டு. அந்த இன்ஸ்டிட்யூட் சர்டிபிகேட்டை வைத்துக்கொண்டு அங்கே போனால் வாசல் செக்யூரிட்டியைத் தாண்ட முடியாது.

உங்கள் வயதில் ஒரு பிரச்சினையும் இல்லை. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி 35 வயது வரை ஜி.என்.எம். சேரலாம். ப்ளஸ் டூவில் எந்த குரூப் என்றாலும் பரவாயில்லை, 40 சதவீத மார்க் வேண்டும், ஆங்கிலத்திலும் அப்படியே. கல்யாணம் ஆனவர்களும் சேரலாம் என்று விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதைச் சொல்லக் காரணம், "கல்யாணம் ஆனவங்களை எடுக்க மாட்டாங்க, எங்ககிட்ட வாங்க" என்று சொல்லியே ஒரு வருஷக் கோர்ஸில் ஆள் பிடிப்பவர்கள் உண்டு. அரசுக் கல்லூரி சீட்டுக்கு மட்டும் அந்தந்த வருஷச் சேர்க்கைக் குறிப்பேட்டில் போட்டிருக்கும் வயதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவது தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். தப்பில்லை. உங்கள் வீட்டில் எந்த மணிக்கு யார் இருக்கிறார்கள் என்பதுதான் இங்கே யோசிக்க வேண்டியது. அதில் ஒரு சிக்கல் இருக்கிறது.

ஜி.என்.எம். என்பது காலேஜ் போய்ப் பாடம் கேட்டுவிட்டு நாலு மணிக்கு பஸ் ஏறுகிற படிப்பு இல்லை. பாதிப் படிப்பு வார்டில்தான். காலை ஷிப்ட், மதிய ஷிப்ட், பிறகு நைட் டூட்டி. நைட்டில் நீங்கள் இருக்கும்போது இரண்டு மணிக்கு வீட்டுக்காரர் வண்டி எடுத்துவிடுவார். வீட்டில் பிள்ளைகளோடு இருப்பது பக்கவாதத்தில் படுத்த மாமனாரும் அவரைப் பார்த்துக்கொள்ளும் மாமியாரும்தான். ஒன்றரை வயதுப் பையன் நடு ராத்திரியில் பாலுக்கு அழுதால் அந்த அம்மா என்ன செய்வார்?

அதோடு உங்கள் உடம்பும் இருக்கிறது. பால் மறக்காத குழந்தையை வீட்டில் விட்டு நைட் பார்க்க வந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். விடியற்காலை மூன்று, நாலு மணிக்கு மார்பு கல்லாகக் கட்டிக்கொள்ளும். டிரிப் தீர்ந்த பாட்டிலை மாற்றிவிட்டு, சூப்பர்வைசர் வருகிறாரா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, டிரெஸ்ஸிங் ரூமுக்குள் போய் வாஷ்பேசினில் பாலைப் பிழிந்து விடுவார்கள். புடவையின் முன்பக்கம் நனைந்திருக்கும், மேலே கோட்டை இழுத்து மூடிக்கொண்டு வந்து ஆறு மணி ஊசியைப் போடுவார்கள். அவர்கள் யாரும் வேலையை விட்டுவிடவில்லை. ஆனால் ஒரு வருஷம் தள்ளிப்போட வழியிருந்தால் தள்ளிப்போட்டிருப்பார்கள். உங்களுக்கு அந்த வழி இருக்கிறது. 28 வயதில் சேர்ந்தாலும் 31-ல் முடித்துவிடலாம்.

ஆகவே என் யோசனை: இந்த வருஷம் வேண்டாம், அடுத்த வருஷம் ஜி.என்.எம். அதற்குள் பையனுக்கு இரண்டு வயது தாண்டிவிடும், பால் மறந்துவிடுவான், அங்கன்வாடியில் விடலாம். மதியச் சாப்பாடும் அங்கேயே. மகளுக்குக் காலைச் சாப்பாட்டுக் கவலை இல்லை. நம்ம சிம்மக்கல்லில் 2022-ல் தொடங்கினார்களே, அந்தக் காலை உணவுத் திட்டம் இப்போது எல்லா அரசு ஆரம்பப் பள்ளிகளிலும் இருக்கிறது. ஏழு மணி ஷிப்டுக்கு ஓடுகிற தாய்க்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று திட்டம் போட்டவர்களுக்கே தெரியுமோ என்னவோ. செக்கானூரணியிலிருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டு வர டவுன் பஸ்ஸில் உங்களுக்கு டிக்கெட் காசும் கிடையாது.

இப்போது மாமியார். அவர் சொன்னதில் பொய் இல்லை. நர்ஸ் வேலையில் மலமும் உண்டு, மூத்திரமும் உண்டு, வாந்தியும் உண்டு. மாணவியாக இருக்கும்போது இன்னும் அதிகம். அதை மறைத்துப் பேசாதீர்கள். ஆனால் மாமனார் படுத்திருந்தபோது அவருக்கு அதையெல்லாம் செய்தது நீங்கள்தானே? அவரைப் புரட்டிப் போட்டு, பெட்ஷீட் மாற்றி, முதுகில் புண் வராமல் பார்த்துக்கொண்டது யார் என்று அந்த அம்மாவுக்குத் தெரியும். அதைச் சொல்லிக்காட்டி ஜெயிக்கப் பார்க்காதீர்கள், மூன்று வருஷம் அவர் தயவு வேண்டும். "புள்ளைகளைப் பாத்துக்கங்க அத்தை" என்று மொத்தமாகக் கேட்காமல், "ஏழு மணியிலிருந்து பத்து மணி வரைக்கும் நீங்க, அதுக்கப்புறம் அவரு" என்று மணி சொல்லிக் கேளுங்கள்.

ஆமாம், அவர். உங்கள் கடிதத்தை இரண்டாவது தடவை படித்தபோதுதான் கவனித்தேன். பிள்ளைகளை யார் பார்ப்பது என்று மாமியார் கேட்கிறார், நீங்களும் தவிக்கிறீர்கள். பத்து மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுகிற அப்பா இருவர் கணக்கிலும் இல்லை. ராத்திரி கண் விழிக்கிறவர் தூங்கத்தான் வேண்டும், மறுக்கவில்லை. தூங்கி எழுந்து சாயந்திரம் அங்கன்வாடியிலிருந்து பையனைத் தூக்கிவரவும், நீங்கள் மதிய ஷிப்டில் இருக்கும் நாளில் மகளுக்குச் சோறு போட்டுப் படுக்க வைக்கவும் அவரால் முடியும். நைட் டூட்டி வாரங்களில் இரண்டு மணி லோடை வேறொரு டிரைவருக்கு மாற்றிவிட முடியுமா என்பதையும் அவர்தான் சொல்ல வேண்டும். மாமியாரிடம் பேசுவதற்கு முன்னால் அவரிடம் பேசுங்கள். அவர் சரி என்று சொல்லாமல் ஜி.என்.எம். நடக்காது.

அவரால் முடியவே முடியாது என்றால் டி.பார்ம். என்ற மருந்தாளுநர் டிப்ளமோ இருக்கிறது. இரண்டு வருஷப் படிப்பு, அதற்கு மேல் 500 மணி நேரப் பயிற்சி. உங்கள் பயாலஜி குரூப் போதும். மதுரை மருத்துவக் கல்லூரியிலேயே பார்மசி கல்லூரி இருக்கிறது. வேலை பெரும்பாலும் பகலில், நைட் குறைவு. பதிவு பெற்ற மருந்தாளுநர் இல்லாமல் மெடிக்கல் கடை நடத்தக் கூடாது என்பதால் உள்ளூரிலேயே தேவை இருக்கிறது. 2025-ல் திறந்த முதல்வர் மருந்தகங்களை நடத்தவும் பி.பார்ம். அல்லது இந்த டி.பார்ம். படிப்பைக் கேட்டார்கள். கையில் பிள்ளை உள்ளவர்களுக்கு நர்சிங்கைவிட இது சௌகரியம் என்றே சொல்வேன். ஆனால் நீங்கள் கடிதத்தில் கேட்டது வார்டு, மருந்துக் கடை இல்லை. அதனால்தான் இரண்டாவதாகச் சொல்கிறேன்.

இந்த ஒரு வருஷம் சும்மா இருக்க வேண்டாம். மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிறீர்களா? 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துக்குப் பெண் தன்னார்வலர்களை அந்தக் குழுக்களிலிருந்துதான் எடுக்கிறார்கள். வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிற வேலை. மதிப்பூதியம்தான், நிரந்தரம் இல்லை. இடம் காலியாக இருக்கிறதா என்று உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். சொந்த மாமனாரைப் பார்ப்பதற்கும், மாத்திரை போடாமலே "போட்டேன்" என்று சாதிக்கிற பக்கத்துத் தெரு பெரியவரைப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் ஒரே மாதத்தில் புரிந்துவிடும். அதற்குப் பிறகும் ஆசை குறையவில்லை என்றால் கவலையே இல்லை.

காலேஜ் பார்க்கப் போகும்போது வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள். இந்திய நர்சிங் கவுன்சில், மாநில கவுன்சில் இரண்டின் இணையதளப் பட்டியலிலும் அந்தப் பெயர் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். ஹாஸ்டலில் தங்கியே ஆக வேண்டுமா, வீட்டிலிருந்து வந்து போகலாமா என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள். கட்டாயம் ஹாஸ்டல் என்று பல இடங்களில் சொல்வார்கள், அங்கே உங்களுக்கு வேலை இல்லை. எந்த ஆஸ்பத்திரியில் பயிற்சி என்று கேட்டு, அந்த ஆஸ்பத்திரிக்கே ஒரு நடை போய் வார்டில் ஆள் இருக்கிறதா என்று பாருங்கள். காலிக் கட்டிலில் யாரும் நர்சிங் கற்றுக்கொள்ள முடியாது. பணத்துக்கு வட்டிக்காரரிடம் போகாதீர்கள். அங்கீகாரம் உள்ள படிப்பு என்றால் 4 லட்சம் வரை வங்கியில் அடமானம் இல்லாமல் கல்விக் கடன் கேட்கலாம். வார்டில் இறங்குவதற்கு முன்னால் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டு முடிக்க வேண்டும். முதல் ஊசிக்கும் மூன்றாவது ஊசிக்கும் ஆறு மாதம் இடைவெளி, அதனால் சேருவது உறுதி ஆனதும் முதல் ஊசியைப் போட்டுவிடுங்கள்.

கடைசியாக அந்த மார்க் ஷீட். அது இல்லாமல் அடுத்த வருஷம் எங்கேயும் சேர முடியாது. மாணவர்களின் சான்றிதழைப் பணயமாகப் பிடித்து வைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 5,000 ரூபாய் ரசீதை எடுத்துக்கொண்டு, வீட்டுக்காரர் பூ இறக்கிவிட்டு வருகிற நேரத்தில் இரண்டு பேரும் அந்த இன்ஸ்டிட்யூட்டுக்குப் போங்கள். சேரவில்லை, மார்க் ஷீட்டையும் அட்வான்ஸையும் திருப்பித் தாருங்கள் என்று எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். அட்வான்ஸைத் தர இழுத்தடித்தால் அதற்காக மல்லுக்கட்டி நிற்காதீர்கள், மார்க் ஷீட்டை முதலில் கையில் வாங்குங்கள். அதையும் தரவில்லை என்றால் அந்த நகலோடு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள், கலெக்டர் ஆபீஸ் திங்கள்கிழமை குறைதீர் நாளிலும் ஒரு மனு போடுங்கள்.