லிஃப்டில் தலையசைத்ததோடு சரி, அட்டையில் என்ன எழுதுவது?

கேள்வி: வேறு பிரிவில் இருக்கும் ஒருவர் இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். லிஃப்டில் பார்த்தால் தலையசைப்போம், அவ்வளவுதான் பழக்கம். வாழ்த்து அட்டை என் மேஜைக்கு வந்துவிட்டது. 'வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்' என்று எழுதிவிடலாமா? வெறும் கையெழுத்து போதுமா? – வாசகி, திருச்சி

பதில்: அந்த 'வணங்குகிறேன்' ஃப்ளெக்ஸ் பேனரில் தேய்ந்துபோன வரி. உங்களுக்கு முன்னால் இரண்டு பேராவது அதை எழுதியிருப்பார்கள். பெரியவரை வாழ்த்தக் கூச்சமாக இருந்தால் 'ஓய்வுக்காலம் மகிழ்ச்சியாக அமையட்டும்' என்று எழுதுங்கள். அதில் யாருக்கு யார் மூத்தவர் என்ற சிக்கலே வராது.

அதற்கு முன்னால், உங்களுக்கு உண்மையாகத் தெரிந்த ஒரே விஷயத்தைச் சேருங்கள். அது உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: 'லிஃப்டில் உங்கள் தலையசைப்பு இனி இருக்காது.' பழகாதவர் 'உங்களை மறக்கவே முடியாது' என்று எழுதினால் பொய் என்று அவருக்கே தெரியும். 'உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்' வேண்டாம். நோயாளியை விசாரிப்பதுபோல் இருக்கும். 'இனியாவது நிம்மதியாக இருங்கள்' அதைவிட மோசம்.

வெறும் கையெழுத்து தப்பில்லை. ஆனால் பேங்க் செக்கில் போடும் கிறுக்கலைப் போட்டால் அது யாருடையது என்று வீட்டில் பிரித்துப் பார்ப்பவருக்குப் புரியாது. பெயரைத் தெளிவாக எழுதி, கீழே உங்கள் பிரிவையும் எழுதுங்கள்.

இடம் கொஞ்சம்தான். ஏ4 தாளை மடித்த அளவு அட்டையில் உள்பக்கம் இரண்டும் காலியாக இருந்தாலும், 30 பேர் எழுதினால் ஆளுக்கு 7 செ.மீ. அகலம், இரண்டரை செ.மீ. உயரம் கிடைக்கும். ஒன்றிரண்டு சின்ன வரிகளோடு நிறுத்துங்கள். நடு இடத்தை அவரோடு தினமும் சாப்பிட்டவர்களுக்கு விட்டு, நீங்கள் ஓரமாக எழுதுங்கள்.

பேனாவில்தான் பலர் கெடுப்பார்கள். பளபளப்பான அட்டையில் ஜெல் பேனா மை உடனே காயாது. எழுதியதும் மூடினால் உங்கள் வரி எதிர்ப்பக்கத்தில் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி அச்சாகி, இன்னொருவர் எழுதியதையும் கெடுக்கும். அதற்கு மெல்லிய முனையுள்ள சிடி மார்க்கர் சரி. வழவழப்பில்லாத காகிதத்தில் அதே மார்க்கர் பின்பக்கம் ஊறும். அங்கே பால் பாயின்ட் பேனாதான். எதுவானாலும் அட்டையின் பின்புற ஓரத்தில் ஒரு புள்ளி வைத்து, விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அட்டையில் இருக்கும் பெயரையும் ஒருமுறை பாருங்கள். பள்ளியில் சேர்ப்பதற்காக மே, ஜூன் என்று பிறந்த தேதி கொடுத்த தலைமுறை இது. பிறந்த மாதக் கடைசியில் ஓய்வு என்பதால், மே 31 அன்று அரசு அலுவலகங்களில் ஒரே நாளில் மூன்று, நான்கு அட்டைகள் சுற்றும்; ஒருவருக்கு எழுத வேண்டியதை இன்னொருவர் அட்டையில் எழுதிவிடுவது சகஜம். ஓய்வு பெறுபவர் தமிழாசிரியராக இருந்தால் 'வாழ்த்துகள்' என்பதில் 'க்' போடாதீர்கள். கடைசி நாளிலும் திருத்துவார்!

கேள்வி: ஓய்வு இல்லை, டிரான்ஸ்ஃபர். அப்போதும் இதேதானா? – வாசகர், மதுரை

பதில்: கேட்டு வாங்கிய மாறுதலா, தூக்கி அடித்ததா என்று முதலில் விசாரியுங்கள். விருப்பமில்லாமல் போகிறவருக்கு 'வாழ்த்துகள்' என்று எழுதினால் குத்தும். 'புது இடமும் மனிதர்களும் நன்றாக அமையட்டும்' என்பது இரண்டுக்கும் பொருந்தும். வேலை போய்க் கிளம்புகிறவருக்கும் இதையே எழுதலாம்.

கேள்வி: அட்டையோடு பணக் கவரும் வருகிறதே, எவ்வளவு போடுவது? – வாசகி, சேலம்

பதில்: பழக்கமில்லாதவருக்கு, வசூலிப்பவர் சொல்லும் குறைந்தபட்சத் தொகை போதும். 101, 501 என்று ஒரு ரூபாய் சேர்ப்பது மொய்க்கு. பொதுவில் பரிசு வாங்கச் சேர்க்கும் பணத்தில் அந்தச் சில்லறை தேவையில்லை. அட்டையில் தொகையை எழுதாதீர்கள். பணம் போடாவிட்டாலும் கையெழுத்துப் போடலாம்.